ரிவெட்டுக்கு ஒரு பெட்டி

கோபார்
9 நவம்பர் 2003

ரஸ்ஸல்,

நலமா என்று கேட்கப் போவதில்லை. உனக்கு எழுதவே கூடாது என்றுதான் இருந்தேன். தீர்ப்பு சொன்னதும் கோர்ட்டில் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாயே, அந்தச் சிரிப்பு இன்னும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. ஏதோ எனக்குப் பிறந்தநாள் பரிசு கொடுத்துவிட்டுப் போகிறவன் மாதிரி!

விஷயம் இதுதான். நீ வாடகைக்கு இருந்த ரூமின் சொந்தக்காரர் போன் செய்தார். "உன் தம்பி ரூம காலி பண்ணிட்டிருக்கேன் க்ளெனிஸ். உள்ள ஒரு பொட்டியில ஓணான் குட்டி ஒண்ணு கெடக்கு. எடுத்துட்டுப் போறியா, இல்ல கோழிக்குப் போடவா?" என்றார். போய்ப் பார்த்தேன். என் உள்ளங்கை நீளம்தான் இருக்கிறது, அதிலும் பாதி வால். ஜெயிலுக்குப் போகப் போகிறோம் என்று தெரிந்தும் தாடி ஓணான் குட்டி வாங்குகிறவனை உலகத்தில் எங்கேயாவது பார்த்ததுண்டா?

இப்போது அது எங்கள் வீட்டுப் பின்கட்டில், துணி துவைக்கிற அறையில், மீன் பிடிக்கப் போகும்போது ஐஸ் வைக்கிற பெட்டிக்குள் இருக்கிறது. எதையும் தின்னவில்லை. நிறம் கறுத்துப்போய்க் கிடக்கிறது. கெல்வினுக்குத் தெரியாது. அந்த அறைக்கு மூன்று படி இறங்க வேண்டும், நீ உடைத்த முழங்காலை வைத்துக்கொண்டு அவனால் இறங்க முடியாது. சுரங்கத்தில் அவனை இனிமேல் வேலைக்குச் சேர்க்கமாட்டார்களாம். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். நீ அவனை மதுக்கடை வாசலில் இரும்புக் கம்பியால் அடித்துப் போட்டுவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டாய். அடிபட்டவனோடு குடித்தனம் நடத்துகிறவள் நான்.

என்ன செய்யவேண்டும் என்று எழுது. இல்லாவிட்டால் நெடுஞ்சாலை வேலிக்கம்பத்தில் விட்டுவிட்டு வந்துவிடுவேன். அதன் சொந்தக்காரர்கள் எல்லாம் அங்கேதானே வெயில் காய்கிறார்கள்.

க்ளெனிஸ்


17 நவம்பர்

அக்கா,

விட்டுவிடாதே. அது பெட்டியில் பொரித்த குட்டி. வேலியில் விட்டால் காக்கை கொத்திவிடும், ஒரு நாள் தாங்காது. பெயர் ரிவெட். முதுகில் ரிவெட் ஆணி அடித்த மாதிரி வரிசையாகப் புள்ளி இருக்கிறதல்லவா, அதனால்தான்.

கறுத்துப்போனது குளிரால். கோபத்தாலும் இருக்கலாம். ஐஸ் பெட்டி சூட்டை உள்ளே விடாது, அதை முதலில் தூக்கிப் போடு. குப்பைமேட்டுக்குப் போ. பழைய டிவி அலமாரி ஒன்று கட்டாயம் கிடக்கும். மரத்தில் செய்தது, உன் கை நீளத்துக்கு இரண்டு பங்கு இருந்தால் நல்லது. முன்பக்கம் நகர்த்துகிற கண்ணாடி போடு. பக்கவாட்டில் காற்றுக்கு ஓட்டை போட்டு வலை அடி.

ஒரு கோடியில் மட்டும் சூடு இருக்கவேண்டும். இது முக்கியம். குண்டு பல்பு ஒன்றை மேலே தொங்கவிட்டு அதற்கு நேர் கீழே ஒரு செங்கல்லும் ஒரு கட்டையும் வை. அங்கே நாற்பது டிகிரி. மறுகோடி நிழலாக, இருபத்தைந்துக்குப் பக்கத்தில். அதற்கு வேண்டும்போது சுட்டுக்கொள்ளும், போதும் என்றால் தள்ளிப்போகும். தள்ளிப்போக இடம் இல்லாவிட்டால் வெந்து செத்துவிடும். இரண்டு கோடியிலும் தெர்மாமீட்டர் வை, கை வைத்துப் பார்த்து முடிவு பண்ணாதே. புற ஊதா ஒளிக்கென்று ஒரு குழல்விளக்கு உண்டு, அது இல்லாமல் எலும்பு வளையும். விளக்குக்கும் குட்டிக்கும் நடுவில் கண்ணாடி இருக்கக்கூடாது. மணல் வேண்டவே வேண்டாம், தின்று குடல் அடைத்துவிடும். பழைய செய்தித்தாள் போதும். சிள்வண்டு கொடு, குட்டியின் இரண்டு கண்ணுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைவிடப் பெரிதாக இருக்கக்கூடாது.

ஊரில் எல்லோரும் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்கள், உன் கண் வீங்கியதையும் மணிக்கட்டு உடைந்ததையும். ஒருவனாவது எழுந்தானா? நான் எழுந்தேன். அதற்கு என்னை ஏன் திட்டுகிறாய்?

அவன் உன்னைத் தொட்டால் எழுது. ஆட்டு ரோமம் கத்தரிக்கிற என் கூட்டாளி ஸ்நோவி வெளியில்தான் இருக்கிறான். ஒரு சொல் போதும்.

ரஸ்


கோபார்
30 நவம்பர்

ரஸ்ஸல்,

உன் ரிவெட் சாகவில்லை. அந்த மட்டும் சந்தோஷப்படு.

குப்பைமேட்டில் அலமாரி கிடைத்தது. காவலுக்கு இருந்த ஆள், "டிவி இல்லாத அலமாரிய வச்சு என்னம்மா பண்ணப்போற?" என்றார். "நான் பாக்குறதுக்கு இல்ல, உள்ள ஒக்காந்து என்னைப் பாக்கப்போற ஒண்ணுக்கு" என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு ஏற்றிவிட்டார். ஓட்டை போட்டது நான்தான், கெல்வினின் துளைக்கருவியை அவன் தூங்கும்போது எடுத்து. முதல் தடவை பல்பு மிகப் பெரிதாகிவிட்டது, தெர்மாமீட்டர் ஐம்பதைத் தாண்டியது. குட்டி மறுகோடிக்கு ஓடி மூலையைச் சுரண்டியது. பல்பை மாற்றினேன். இப்போது செங்கல் மேல் ஏறி, ஏதோ ஊர்த்தலைவர் மாதிரி வாயைத் திறந்துகொண்டு உட்காருகிறது. என்னைக் கண்டால் ஒரு கையைத் தூக்கி ஆட்டுகிறது. "நீ பெரியவள், என்னை விட்டுவிடு" என்று அர்த்தமாமே? சிள்வண்டு விற்கிற கடைக்காரப் பெண் சொன்னாள். அதைக் கேட்டதும் எனக்கு ஏனோ அங்கே நிற்க முடியவில்லை.

தனியாக இருக்கிறதே, இன்னொரு குட்டி வாங்கி விடலாமா? எழுது.

சிள்வண்டுகள்தான் காட்டிக்கொடுத்துவிட்டன. விடாமல் கத்துகின்றன. "என்னடி சத்தம் அது?" என்று கெல்வின் கேட்டான். படியில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கி வந்தே விட்டான்.

கையெழுத்து கோணலாக இருக்கிறது என்று நினைக்காதே. இடது கையால் எழுதுகிறேன். வலது உள்ளங்கையைப் பல்பில் சுட்டுக்கொண்டேன்.

ஸ்நோவியை அனுப்பாதே. திரும்பவும் சொல்கிறேன், அனுப்பாதே.

க்ளெனிஸ்


8 டிசம்பர்

அக்கா,

தெரியாமல் பல்பைத் தொட்டால் விரல்நுனி சுடும். உடனே கையை இழுத்துக்கொள்வோம். உள்ளங்கை முழுக்க எப்படிச் சுடும்? யாராவது பிடித்து வைத்து அழுத்தினால்தான் சுடும். நான் முட்டாள் இல்லை.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வெளியே வந்தேன். வரிசையில் ஒருத்தன் என் தோளில் இடித்தான். அவன் மூக்கு உடைந்துவிட்டது. நாலு நாள் தனியறை. அதனால்தான் பதில் தாமதம்.

இரண்டாவது குட்டி வேண்டாம். ஒரே பெட்டியில் இரண்டை விட்டால் பெரியது சின்னதன் விரலைக் கடித்துத் தின்னும், வாலைக் கடிக்கும். அதுகளுக்குத் துணை தேவையில்லை.

ஸ்நோவியிடம் பேசிவிட்டேன். அடிக்கமாட்டான். சும்மா வாசலில் நின்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வருவான். அவ்வளவுதான். கவலைப்படாதே.

ரஸ்


புரோக்கன் ஹில்
22 டிசம்பர்

ரஸ்ஸல்,

மேலே எழுதியிருக்கிற ஊரைப் பார். நான் இப்போது இங்கே இருக்கிறேன். உன் கூட்டாளி வந்து போனதன் பலன்.

முதலில் கையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், நீயாகக் கற்பனை பண்ணிக்கொண்டு இன்னும் நாலு மூக்கை உடைக்கவேண்டாம். கெல்வின் அந்த அறைக்குள் வந்து பெட்டியைப் பார்த்தான். ரொம்ப அமைதியாகத்தான் பேசினான். "என் முட்டிய ஒடச்சவனோட ஓணான என் வீட்டு கரண்ட்ல வளக்குற. எவ்ளோ சூடு வைக்கிற?" என்றான். நாற்பது என்றேன். "சரியா இருக்கான்னு பாத்துருவோம்" என்று என் மணிக்கட்டைப் பிடித்துப் பல்பின்மேல் வைத்து அழுத்தினான். நான் கத்தக் கத்தத் தெர்மாமீட்டரைப் படித்துக்கொண்டிருந்தான். தோல் பல்பிலேயே ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு பெட்டியை அவன் தொடவில்லை. எனக்குக் கிடைத்தது போதும் என்று நினைத்திருப்பான். நானும் அதோடு போகட்டும் என்றுதான் இருந்தேன்.

பிறகு ஸ்நோவி வந்தான். வேலியோரம் நின்று, தெருவே கேட்கும்படி, "கெல்வின்! ரஸ் உன்னைக் கேட்டான். இன்னொரு முட்டி பாக்கி இருக்காமே?" என்று சிரித்துவிட்டுப் போனான். அவன் வண்டியேறிப் போய்விட்டான். நான் வீட்டுக்குள் இருந்தேன்.

மறுநாள் காலையில் கெல்வின் கோடரியை எடுத்தான். அலமாரியை முற்றத்துக்கு இழுத்துவரச் சொல்லி என்னையே இழுக்க வைத்தான். முதல் வெட்டில் கண்ணாடி போனது. இரண்டாவது வெட்டில் மேல்பலகை. நான் கையை உள்ளே விட்டுக் குட்டியைப் பிடித்தேன். மூன்றாவது வெட்டு என் தலைக்கு வந்தது. கூர்ப்பக்கம் இல்லை, பின்புறம். குனிந்ததால் தோளில் பட்டது. அவன் மறுபடி ஓங்கினான். நான் அவனுடைய உடைந்த முழங்காலில் ஓங்கி உதைத்தேன். விழுந்தான். எழுந்திருக்கப் பார்த்தான், இன்னொரு தடவை உதைத்தேன். அது தேவையே இல்லை ரஸ். முதல் உதையே போதுமாக இருந்தது.

வண்டியை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். டிசம்பர் கோடை, வெயில் கொளுத்துகிறது, வண்டியில் குளிர்சாதனம் கிடையாது. குட்டியை ஈரத்துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தேன். வாலின் நுனி அறுந்து ரத்தம். வழியில் பெட்ரோல் போடுகிற இடத்தில் மரநிழலில் நிறுத்தி மூக்கில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன், நக்கியது. அப்போதுதான் அழுதேன். கடையிலிருந்த பெண் போலீஸுக்குப் போன் செய்தாள். கெல்வினைப் பிடித்தார்கள். ஜாமீனில் விட்டும் விட்டார்கள், என் பக்கம் வரக்கூடாது என்று உத்தரவு போட்டு.

இங்கே ஒரு மோட்டலில் அறை துடைக்கிற வேலை. பின்னால் இருக்கிற சின்ன அறையில் தங்கிக்கொள்ளலாம்.

நான் கேட்காததை எனக்காகச் செய்வதை நிறுத்து. நீ அடித்த ஒவ்வோர் அடியையும் கடைசியில் வாங்கியவள் நான்.

க்ளெனிஸ்


6 ஜனவரி 2004

அக்கா,

எழுதி எழுதிக் கிழித்தேன். ஸ்நோவியை அனுப்பியது நான். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

வால் மறுபடி வளராது. காயம் காய்ந்துவிட்டால் பயமில்லை, தினமும் உப்புத்தண்ணீரில் கழுவு. இப்போதைக்குப் பெரிய பிளாஸ்டிக் பெட்டி போதும். மூடி வேண்டாம், வலை போடு. தினம் கொஞ்ச நேரம் நேரடி வெயிலில் வை, ஆனால் பாதிக்கு நிழல் இருக்கவேண்டும். கோடை முடிவதற்குள் பெரிய பெட்டிக்கு மாற்று. அந்த ஊரில் குளிர்காலம் மோசம், வெளிச்சம் வராமல் சூடு மட்டும் தருகிற பீங்கான் விளக்கு ஒன்று வாங்கிவிடு.

கோபம் தீரும்வரை பதில் எழுதவேண்டாம். குட்டியைப் பற்றி மட்டும் ஒரு வரி போட்டால்கூடப் போதும்.

ரஸ்


புரோக்கன் ஹில்
4 ஏப்ரல்

குட்டி தின்கிறது. வளர்கிறது. இப்போது கீரையும் தின்கிறது.

க்ளெனிஸ்


புரோக்கன் ஹில்
19 ஆகஸ்ட்

தம்பி,

இதை உட்கார்ந்து படி. கடைசிவரை படிக்காமல் வெளியே போகாதே.

ரிவெட் இப்போது என் முழங்கை நீளம். மோட்டல்காரி மிசஸ் வெல்லா தன் துணி அலமாரி ஒன்றைக் கொடுத்தாள். மால்டா தேசத்துக்காரி, வாய் ஓயாது. "புருசனுக்கே நான் இவ்ளோ பெரிய எடம் குடுக்கலடி" என்பாள். அதைப் படுக்கவைத்து, ஒரு ஆள் படுக்கிற நீளத்துக்குப் புதுப்பெட்டி செய்துவிட்டேன். சூட்டுக்கோடியில் செங்கல் அடுக்கு, ஏறிப் படுக்கக் கட்டை, ஒளிந்துகொள்ள ஒரு ஓடு. நீ சொன்ன பீங்கான் விளக்கும் போட்டிருக்கிறேன். காலையில் வேலைக்குப் போவதற்கு முன்னால் தெர்மாமீட்டர் இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் போவேன்.

போன வியாழக்கிழமை காலை அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோது கெல்வின் கதவை உடைத்துக்கொண்டு வந்தான். கையில் டயர் நெம்புகிற கம்பி. என் தலைமயிரைச் சுற்றிப் பிடித்து முகத்தைப் பெட்டிக் கண்ணாடியில் மோதினான். இரண்டாவது மோதலில் கண்ணாடி உடைந்தது. நெற்றியிலிருந்து ரத்தம் கண்ணில் இறங்கிப் பாதி உலகம் மறைந்துபோனது. கையைத் துழாவினேன். சூடான செங்கல் அகப்பட்டது. எடுத்து, கம்பி பிடித்திருந்த கையில் அடித்தேன். கம்பி விழுந்தது. பிறகு முகத்தில் அடித்தேன். அதற்குள் மிசஸ் வெல்லா தீயணைக்கிற சிலிண்டரோடு வந்து அவன் வாயிலும் கண்ணிலும் வெள்ளைப் பொடியைப் பீய்ச்சினாள். "செத்துத் தொலைடா, என் கம்பளத்துல சாவாத, வெளிய போய்ச் சாவு!" என்று கத்திக்கொண்டே அடித்தாள். போலீஸ் வந்தபோது நான் இன்னும் செங்கல்லைப் பிடித்துக்கொண்டிருந்தேனாம். விரலைப் பிரித்து எடுத்தார்கள்.

அவன் முகத்தில் செங்கல் இறங்கியபோது எனக்கு நன்றாக இருந்தது. இதை உன்னிடம் மட்டும்தான் சொல்ல முடியும். அன்றைக்கு கோர்ட்டில் நீ ஏன் சிரித்தாய் என்று அப்போது புரிந்தது. புரிந்ததுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நெற்றியில் தையல். ரிவெட் ஓட்டுக்கு அடியில் ஒளிந்து தப்பித்தது, தாடி கரியாகக் கறுத்து.

இனிமேல்தான் முக்கியம். கெல்வினுக்கு ஜாமீன் இல்லை. விசாரணை முடியும்வரை உள்ளே வைக்கிறார்கள். எந்த ஜெயில் என்று போலீஸ்காரப் பெண் சொன்னாள். நீ இருக்கிற இடம்தான். இரண்டு பேரையும் தனித்தனியாக வைக்கச் சொல்லிவிட்டேன், எழுதியும் கொடுத்துவிட்டேன். ஆனாலும் உன்னை எனக்குத் தெரியும்.

அவனைத் தொடாதே. நீயும் தொடாதே, வேறு யாரையும் விட்டும் தொடச் சொல்லாதே. நவம்பரில் நீ வெளியே வரவேண்டும். அவனைத் தொட்டாய் என்று தெரிந்தால் இதுதான் என் கடைசிக் கடிதம். அம்மா சத்தியமாகச் சொல்கிறேன். மறுபடி உனக்கு அக்கா கிடையாது.

க்ளெனிஸ்


12 செப்டம்பர்

அக்கா,

இந்தத் தடவை என் கையெழுத்துதான் கோணல். ஒரு கண் இன்னும் முழுசாகத் திறக்கவில்லை.

தனித்தனிக் கட்டடத்தில்தான் வைத்திருந்தார்கள். ஆனால் மருத்துவ அறைக்குப் போகிற நடைவழி எல்லோருக்கும் பொது. அவன் வந்த முதல் வாரமே இங்கே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. என் அறைத்தோழன் டோபின் ஒரு காலுறைக்குள் பேட்டரிகளைப் போட்டு முடிந்து என் தலையணைக்கடியில் வைத்தான். "ஒரே வீச்சு மச்சி. நாங்க யாரும் எதையும் பாக்கல" என்றான். அதை எடுத்துக்கொண்டுதான் நான் மருத்துவ அறைக்குப் போனேன். பொய் சொல்லமாட்டேன். சட்டைக்குள் வைத்திருந்தேன்.

கெல்வின் எதிரே வந்தான். மூக்கு உன் செங்கல்லால் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் நின்றான். கூட வந்த அதிகாரி முன்னால் போய்விட்டார்.

"உங்க அக்கா கை வெந்தப்ப வந்த வாசன இருக்கே ரஸ்... ஞாயித்துக்கெழம கறி வாசன மாதிரியே இருந்துச்சுடா" என்றான்.

சட்டைக்குள் கையை விட்டேன். முடிச்சு கையில் வந்துவிட்டது. அவன் கண்ணில் சந்தோஷம் தெரிந்தது. அதுதான் அக்கா என்னை நிறுத்தியது, நல்ல புத்தி ஒன்றும் இல்லை. நான் அடிக்கவேண்டும் என்று அவன் ஆசைப்பட்டான். அடித்தால் நான் உள்ளேயே கிடப்பேன், நீ எழுதமாட்டாய். அவனுக்கு ஒரு கண் போனாலும் லாபம் அவனுக்குத்தான்.

முடிச்சை விட்டுவிட்டுக் கையை வெளியே எடுத்து, இரண்டு கையையும் முதுகுப்பக்கம் கால்சட்டைக்குள் சொருகிக்கொண்டேன். சுவரில் சாய்ந்து நின்றேன். "பேசிட்டியா? போ" என்றேன்.

அடித்தான். முதலில் வாயில். பிறகு கன்னத்தில், எலும்பு உடைந்த சத்தம் எனக்கே கேட்டது. கீழே விழுந்ததும் உதைத்தான், நல்ல காலால். அந்த நேரம் முழுக்கக் கையை வெளியே எடுக்காமல் இருந்தேன். நான் செய்த வேலைகளிலேயே கஷ்டமானது அதுதான். நாலைந்து அதிகாரிகள் சேர்ந்து அவனை இழுத்தார்கள். எல்லாம் கேமராவில் இருக்கிறது. ஓடிவந்த கூட்டத்தில் டோபினும் இருந்தான், என் சட்டையிலிருந்த பேட்டரி முடிச்சை எப்படியோ காணாமல் செய்துவிட்டான்.

முன்பல் மூன்று போய்விட்டது. விடுதலைத் தேதி மாறவில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

நான் திருந்திவிட்டேன் என்று நினைக்காதே. இப்போதும் அவனைக் கொல்லத்தான் ஆசை. கொல்லவில்லை, அவ்வளவுதான்.

வெளியே வந்ததும் உன்னோடு வந்து இருக்கலாமா? தரையில் படுத்துக்கொள்வேன். ரிவெட்டையும் நானே பார்த்துக்கொள்வேன்.

ரஸ்


புரோக்கன் ஹில்
27 அக்டோபர்

என் தம்பி ரஸ்,

உன் கடிதத்தை மிசஸ் வெல்லாவுக்குப் படித்துக் காட்டினேன். அழுதுவிட்டு, "பல்லில்லாதவனுக்கு நான் என்னத்தடி சமைப்பேன்?" என்றாள். அவளுக்கு அதுதான் கவலை.

வழக்கு நேற்று முடிந்தது. என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். கெல்வினின் வக்கீல் நல்ல கோட்டுப் போட்ட சின்னப் பையன். "புருஷனுக்குப் பிடிக்கலைன்னு தெரிஞ்சும் அந்தப் பிராணிய வீட்ல வச்சிருந்தீங்க. அத வெளிய விட்டிருந்தா எதுவுமே நடந்திருக்காது இல்லையா? ஒரு ஓணானுக்காகவா இவ்வளவும்?" என்று கேட்டான். கெல்வின் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். நான் வலதுகையை விரித்து எல்லோரும் பார்க்கும்படி தூக்கினேன். "இது ஓணானோட கை இல்ல சார். என்னோடது" என்றேன். அவன் காகிதங்களை அடுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

உன்னை அடித்ததையும் சேர்த்து நீண்ட தண்டனை. தீர்ப்பைச் சொன்னபோது நான் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. வெளியே வந்து ஒரு ஐஸ்கிரீம் வாங்கித் தின்றேன்.

நீ கேட்டதற்கு வருகிறேன். வேண்டாம் ரஸ். என்னோடு வந்து இருக்கவேண்டாம். உன்மேல் கோபமில்லை. கோபம் இருந்தால் இத்தனை எழுதமாட்டேன். ஆனால் இந்த அறைக்கு ஒரே சாவிதான், அது என் கழுத்தில் இருக்கிறது. கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டுத் தூங்கிப் பழகுகிறேன். வெளியே காலடி கேட்டால் இன்னும் செங்கல்லைத் தேடுகிறது கை. நீ எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாலும் உன் மண்டையை உடைத்துவிடுவேன். உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.

ஊர்க்கோடியில் சக்கரம் வைத்த வண்டிவீடுகளை வாடகைக்கு விடுகிற இடத்தில் உனக்கு ஒன்று பேசி வைத்திருக்கிறேன். கூரை ஒழுகாது. நடந்தால் இங்கே வந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை மதியம் என்னோடு சாப்பிடு. வரும்போது கதவைத் தட்டு, நான் திறக்கிறவரை வெளியே நில். திறக்க நேரமானால் கோபித்துக்கொள்ளாதே. ஸ்நோவியைக் கூட்டிக்கொண்டு வந்தால் இரண்டு பேரையும் உள்ளே விடமாட்டேன்.

நீ விடுதலையாகி வருகிற அன்று பஸ் மத்தியானம் வரும். நான் நிறுத்தத்தில் நிற்கிறேன். நெற்றியில் தழும்போடு ஒருத்தி நிற்பாள், பார்த்துப் பயந்துவிடாதே. மிசஸ் வெல்லா ஆட்டுக்கறியைக் காலையிலிருந்தே அடுப்பில் வைத்துவிடப் போகிறாளாம், ஈறாலேயே மெல்லும்படி.

க்ளெனிஸ் அக்கா